சூடேறாத எந்திரம்

குளிர்காலம் என்பதையே அறியாத ஊர் மாயாபந்தர். நடு அந்தமானின் வடபகுதியில், கடலோரத்தில் அமைந்த இவ்வூரில் நள்ளிரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அரிது. இத்தகைய ஊரில், காலையில் கிளப்பிய மோட்டார் வண்டி அரைமணி நேரமாகியும் சூடேறவில்லை, அதுவரை இருமிக்கொண்டும் உதறிக்கொண்டும் ஓடுகிறது என்று ஒருவர் கூறினால் கேட்போர் வியப்படைவர். ஆயினும், பழைய அம்பாசிடரோ பிரிமியர் பத்மினியோ வைத்திருப்போர் பலருக்கு இது பழகிய தொல்லையே. இதன் காரணம் யாது, அதனைக் கண்டறியும் முறை யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் தகாது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கு இங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அந்தமான் டிரங்க் ரோடு எனப்படும் அச்சாலை, மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து ஜிர்காடாங் வரையில் ஜாரவா பழங்குடியினரின் காப்பிடத்தினூடே செல்கிறது. அப்பகுதியில் வண்டிகள் குறித்த நேரத்தில், காவலுடன், அணியாகவே செல்லவேண்டும். இடையில் நிறுத்தலாகாது என்பது விதி. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி அவ்விடத்தில் நின்றுவிடுமானால் விளையும் இடர் சிறிதன்று.

முதலில் எந்திரத்துக்குச் சூடு எதற்கு என்பதை அறிதல் வேண்டும். பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் நன்கு எரியும். எந்திரம் குளிர்ந்திருக்கையில் அதன் ஒரு பகுதி துளிகளாகவே நின்றுவிடுகிறது. அக்குறையை ஈடுசெய்யவே சோக்கை இழுத்துக் கூடுதலான பெட்ரோலைச் செலுத்துகிறோம். ஆனால் எரியாத துளிகள் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரிதலில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்து எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற படிவு காணப்படுவது இதனாலும் நேரலாம். இவ்வாறு நெடுநாள் குளிராகவே ஓடும் எந்திரம் பெட்ரோலையும் மிகுதியாக உண்டு, விரைவில் தேய்ந்தும் போகிறது.

எந்திரம் விரைவில் சூடேறுவதற்காகவே தெர்மோஸ்டாட் என்னும் வால்வு அமைக்கப்பட்டுள்ளது. அதனுள்ளே ஒருவகை மெழுகு உண்டு. நீர் ஏறத்தாழ 82 டிகிரி சூடாகும்வரை அவ்வால்வு மூடியிருந்து, ரேடியேட்டருக்கு நீர் செல்லாதபடி தடுக்கும். பின்னர் மெழுகு உருகி விரிவடைய, வழி திறக்கும். திறக்கும் அளவு வண்டிக்கு வண்டி சற்றே மாறுபடும். பெரும்பாலும் வால்வின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கொதித்தால் உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவர். "வெப்ப நாட்டுக்கு இது வேண்டாம்" என்பர். உண்மையில் பல வண்டிகள் கொதிப்பதற்குக் காரணம், வெறும் நீரையே பல்லாண்டு ஊற்றியதால் உண்டான துருவும் உப்பும் ரேடியேட்டரின் குழாய்களை அடைத்துக்கொண்டதே. அடைப்பை நீக்காமல் வால்வை நீக்கினால், பழைய நோய் உள்ளே இருக்கப் புதிய நோய் ஒன்றும் சேர்கிறது. நோயின் காரணத்தை முதலில் நாடுக என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

சோதிக்கும் முறை எளிது. இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வேட்டியும் துண்டும் சேலையும் விசிறியில் சிக்காதபடி கவனம் தேவை. சில நிமிடங்கள் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடானால் வால்வு சரியாக உள்ளது. தொடக்கம் முதலே சிறிது சிறிதாக வெதுவெதுப்பு ஏறினால், வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். அல்லது வால்வே இல்லாதிருக்கலாம்.

அதனைக் கழற்றி மேலும் சோதிக்கலாம். ஒரு பாத்திரத்து நீரில், அடியைத் தொடாதபடி கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்குக. நீர் கொதிக்குமுன் அது திறக்கவேண்டும். ஆறியபின் முற்றும் மூடவேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை இதற்குப் பயன்படுத்தலாகாது, அது உடைந்துபோகும். வால்வில் குறையில்லையெனில், மின்விசிறி உள்ள வண்டிகளில் அது எந்நேரமும் சுழல்கிறதா என்றும், சூடு காட்டும் முள் மெய்யே கூறுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இனி, உதறல். எந்திரம் சூடேறியதும் உதறல் நின்றுவிடுமானால் சோக்கையும் கார்புரேட்டரையும் நாடுக. சூடேறிய பின்னும் நீடித்தால் மின்பொறியையோ காற்றுக் கசிவையோ ஐயுறலாம். மழைக்கால விடியலில் மட்டும் தோன்றினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் கம்பிகளிலும் ஈரம் படிந்திருக்கக்கூடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், உப்புக்காற்றும் சேர்ந்து இது எளிதில் நேர்வதே. இருட்டில் மூடியைத் திறந்து எந்திரத்தை ஓடவிட்டால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப்பொறி தெரியும். அக்கம்பிகளை வெறுங்கையால் தொடலாகாது.

பிளக்குகளைக் கழற்றினால் அவையே சான்று கூறும். இளம்பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். ஒரு பிளக் மட்டும் வேறுபட்டிருந்தால் அந்தச் சிலிண்டரிலேயே குறையைத் தேடவேண்டும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்தால், கலந்துள்ள நீர் அடியில் தங்குவதைக் காணலாம். இதைத் தீயருகில் செய்யலாகாது.

எச்சரிக்கைகள் இரண்டு. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு மேலே தெறிக்கும். மூடிய கொட்டகையில் எந்திரத்தை ஓடவிட்டால் மணமற்ற நச்சுப்புகை உயிரைப் போக்கும்.

உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று வினவுவோர் உண்டு. துருவைத் தடுப்பதற்கு என்பதே விடை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட் நிரப்பி, புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்திவிட்டால் கொதிப்பும் குளிர்ச்சியும் ஒருங்கே தீர வாய்ப்புண்டு. உதிரிப்பாகங்கள் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல் கடந்து வரவேண்டிய இத்தீவில், ஊகத்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பொருளையும் நாளையும் வீணாக்கும். தொட்டும் கண்டும் சோதிப்பதற்கோ ஒரு காலைப்பொழுது போதும்.