ஏலத்துக்கு நண்பன், காளானுக்கு எமன்

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டுக்கு ஏறும் ஏல விவசாயிகளுக்கு ட்ரைக்கோடெர்மா பழகிய பெயர். தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் மாதங்களில் பிஞ்சும் காயும் அழுகிக் கொட்டும் நோயை மலையில் 'அழுகல்' என்றே சொல்வார்கள். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி அதைக் கொண்டுவருகிறது. தடுப்பாக, ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சையை மட்கிய தொழுவுரத்தில் பெருக்கித் தூரைச் சுற்றி இடுகிறார்கள். அந்தப் பூஞ்சை எதிரியின் இழையைச் சுற்றிக்கொள்ளும், செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும், உள்ளிருப்பதைத் தின்னும். பூச்சிமருந்தில் நனைந்துபோன ஏலமலைக்கு இது பெரிய வரம்.

அதே விவசாயி வீட்டோரம் குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்க இறங்கினால் வரம் சிக்கலாகிறது. காளானும் பூஞ்சைதானே! ட்ரைக்கோடெர்மா அதையும் இரையாகவே பார்க்கும். காளான் வளரும் வைக்கோல் படுக்கையில் முதலில் வெள்ளையாகப் படர்வதால் காளான் இழை என்றே தோன்றும். சில நாளில் பச்சை பூக்கும்போதுதான் உண்மை தெரியும். 1980களில் அயர்லாந்து, பிரிட்டன் மொட்டுக் காளான் பண்ணைகளை இந்தப் பச்சைப் பூசணம் உலுக்கியது. அங்கே வினை செய்தது தோட்டத்தில் இடும் இனமல்ல, அதன் நெருங்கிய உறவு. ஆனாலும் தோட்டத்து இனங்களும் படுக்கையைக் கெடுக்க வல்லவை.

காளான் வளர்ப்பில் சுத்தம் என்று வலியுறுத்துவது இதனால்தான். வைக்கோல் யாருக்கு என்பதில் முந்திக்கொண்டவருக்கே வெற்றி. காளான் வித்து சோளமணியில் வளர்வது. மாவுச்சத்து மிகுந்த அந்த மணியில் ஒரு துகள் பூசணம் தங்கினாலும் போதும். ஆகவே 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் முழுக்கக் கிருமி நீக்குகிறார்கள். வைக்கோலுக்கு அவ்வளவு தேவையில்லை. 80 டிகிரி வெந்நீரில் ஏறக்குறைய 1 மணி நேரம் வைத்தால் வேகமாக வளரும் பூசணங்கள் மடியும். பிறகு ஈரம். கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். சொட்டினால் காற்று நுழைய இடமிருக்காது, வைக்கோல் புளித்துவிடும்.

ஏலத்தோட்டம் உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பேன். காலையில் முதல் வேலை குடிலில், பிறகுதான் தோட்டம். உரம் கலந்த கையோடும் உடுப்போடும் குடிலுக்குள் போகவே கூடாது. பச்சை கண்ட பையை அங்கேயே பிரித்துப் பார்க்காமல், இன்னொரு பையில் கட்டி வெளியே கொண்டுபோய்த் தொலைவில் புதைக்க வேண்டும்.

மலைச்சரிவின் குளிர்ச்சி சிப்பிக் காளானுக்கு ஏற்றது. கீழே போடியின் வெயிலுக்குப் பால் காளான் பொருந்தும். 30 டிகிரிக்கு மேலும் அது செழிக்கும். மேற்கு வங்கத்தில் 1974இல் விவரிக்கப்பட்ட அந்தக் காட்டுக் காளானை வணிகப் பயிராக்கியதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு.

பூசணத்துக்குப் பயந்து குடிலை இறுக மூடிவிடுவதும் தவறு. மொட்டு வந்த படுக்கை மூச்சுவிடுகிறது. கரியமில வாயு தேங்கினால் காம்பு நீண்டு, குடை சிறுத்துப்போகும். முற்றிய சிப்பிக் காளானோ வித்துத்துகளைப் புகைபோல் உதிர்க்கும். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் காய்ச்சலும் வரலாம். குடிலில் பறிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். வலையடித்த சன்னலும் முகக்கவசமும் அவர்களுக்காகவே வேண்டும். குடையின் விளிம்பு விரிந்து மேலே சுருளும் முன்பே பறித்துவிடவும் வேண்டும்.