தப்பின் அடியும் திரையின் தீயும்

எதிர் மலைச்சரிவில் ஒருவர் விறகு பிளப்பதைத் தேயிலை மலைகளில் வாழ்வோர் பலமுறை கண்டிருப்பர். கோடரி கட்டையில் இறங்குவது முதலிற் கண்ணுக்குப் புலனாகும். 'டக்' என்னும் ஓசை சற்றுப் பின்னரே செவியை எட்டும். ஒளி கணப்பொழுதில் வந்து சேர்கின்றது. ஒலியோ ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் தூரமே செல்ல வல்லது. ஆகவே, இடையிலுள்ள பள்ளத்தாக்கின் அகலம் 340 மீற்றர் எனின் ஓசை ஒரு செக்கன் பிந்தியே வரும். இதனைக் கண்டு எவரும் வியப்பதில்லை. காட்சி முன்னும் ஓசை பின்னுமாக வருதல் இயற்கையின் முறை. நம் கண்ணும் காதும் பிறந்த நாள் தொட்டு இதற்குப் பழகியுள்ளன.

இம்முறை தலைகீழாக மாறினால் என்ன நிகழும்? ஓசை முன்னே வந்து காட்சி பின்னே வந்தால் மனம் அதனை ஏற்குமா? கலை மேடைகளில் கணினியைக் கொண்டு உடனுக்குடன் ஓவியம் காட்ட முனைவோரை இன்று வாட்டும் வினா இதுவேயாகும்.

மாசி மாதத்து வளர்பிறையில் ஹட்டன், நுவரெலியா முதலான பகுதிகளின் தோட்டங்களில் காமன் கூத்து நிகழ்வதை வாசகர் அறிவர். ரதியும் மன்மதனும் ஆடிவர, ஈற்றில் சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பதே அக்கூத்தின் கதை. கூத்து முழுவதையும் தாங்கி நிற்பது தப்பு. ஆடுவோரின் காலும் தப்பின் அடியும் பிரியாது செல்லல் வேண்டும். இக்கூத்தின் ஒரு பகுதியைப் பாடசாலை மேடைக்குக் கொணரும் ஆசிரியர், பின்திரையில் ஒளியோவியம் அமைக்க விரும்புதல் இயல்பே. நெற்றிக்கண் திறக்கும் அந்த ஓர் அடியில் திரை முழுவதும் தீ எழ வேண்டும். அடி விழுந்து, அவையோர் நிமிர்ந்து நோக்கி, அதன் பின்னர்த் தீ எழுமாயின் அது சிவனுடைய சினமாகத் தோன்றாது. நனைந்த தீக்குச்சியாகவே தோன்றும்.

இவ்விடரைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. தப்போசையை முன்னரே ஒலிப்பதிவு செய்து, அதனோடு படத்தையும் பொருத்தி, இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவதே அது. அப்போது சுணக்கம் நேராது. ஆனால், மேடையிலே தப்படிப்பவருக்கு இடமும் இராது. ஆடுபவர் களைத்தால் அடியைத் தாழ்த்துவதும், அவை கிளர்ந்தால் அடியை முடுக்குவதும் உயிருள்ள கலைஞரின் தொழில். பதிவு செய்த ஓசைக்கு ஆடுபவரைக் காணும் கண் இல்லை. ஆதலின், திரையின் சுணக்கத்தைக் குறைத்தல் வெறும் பொறியியல் வேலை அன்று. தப்புக் கலைஞரை மேடையில் நிலைநிறுத்தும் வேலையுமாகும்.

தப்பின் அடி திரையை எட்டும் வழியை இனி நோக்குவோம். தப்பின் மரவளையத்தில் 'பீசோ' எனப்படும் சிறிய தகடு ஒன்றை ஒட்டுவர். அதிர்வு பட்டதும் இத்தகட்டில் மெல்லிய மின்துடிப்பு ஒன்று தோன்றும். அத்துடிப்பைச் சிறு கருவியொன்று 'மிடி' என்னும் குறிமொழியில் மாற்றிக் கணினிக்கு அனுப்பும். தப்புக்குப் பதிலாக, குமிழ்களும் பொத்தான்களும் கொண்ட மிடிப் பலகையை ஒருவர் கையால் இயக்குவதும் உண்டு. எவ்வழியில் வரினும் செய்தி ஒரே தன்மையது.

மிடி, அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குத்தாரோ காக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியால் உருப்பெற்றது. 1983ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கருவிகள் ஒரு கம்பியின் வழியே பேசிக்கொண்டன. இப்பணிக்காக 2013இல் இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது. மிடி ஓசையைச் சுமந்து செல்வதில்லை. இன்ன சுரம், இவ்வளவு வலிமை என்னும் கட்டளையையே சுமந்து செல்கின்றது. வலிமை 0 முதல் 127 வரையுள்ள எண்ணாற் குறிக்கப்படும்.

திரை பிந்தினால் பழியை மிடியின் மேற் சுமத்துவது வழக்கம். கணக்கோ வேறு கூறுகின்றது. பழைய ஐந்துமுனை மிடிக் கம்பியில் ஒரு செக்கனுக்கு 31,250 துணுக்குகள் செல்லும். ஓர் அடியைத் தெரிவிக்க 30 துணுக்குகள் போதும். எனவே, ஓர் அடி கடந்து செல்ல ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனே ஆகும். செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிசெக்கன். அங்ஙனமாயின் மிகுதிச் சுணக்கம் எங்கே தேங்குகின்றது?

பெரும்பாலும் திரையின் பக்கத்திலேயே. கணினி செக்கனுக்கு 60 படங்களை வரைந்து காட்டுகின்றது என்போம். ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன். ஒரு படம் வரையத் தொடங்கிய பின்னர் வந்த அடி, அடுத்த படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். வரைந்த படமும் நேரே திரைக்குச் செல்வதில்லை. ஒன்றிரண்டு படங்கள் வரிசையில் நிற்கும். அதன் பின்னர்ப் புரொஜெக்டரோ தொலைக்காட்சியோ படத்தைப் பெற்று, நிறத்தைத் திருத்தி, கோணலை நிமிர்த்தி, அதன் பிறகே வெளியிடும். இவையெல்லாம் கூடும்போது மொத்தச் சுணக்கம் 100 மில்லிசெக்கனைத் தாண்டுவதும் உண்டு.

நிற்க. எவ்வளவு சுணக்கத்தை மனிதன் உணர்வான் என்பதையும் அறிதல் வேண்டும். ஒளிபரப்பில் ஓசையும் படமும் பொருந்துவது பற்றிச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. அதன்படி, ஓசை படத்துக்குப் பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிசெக்கன் வரை மக்கள் அதனை உணர்வதில்லை. ஓசை முந்தினாலோ 45 மில்லிசெக்கனிலேயே உணர்ந்துவிடுகின்றனர். விறகு பிளப்பவரைக் கண்டு பழகிய நமக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். தப்போசை நேரே செவிக்கு வர, படம் கணினியைச் சுற்றிப் பிந்தி வருவதால், மேடையில் நிகழ்வது இரண்டாம் வகை. மனம் மிகக் குறைவாகப் பொறுக்கும் பிழையே நமக்கு வாய்த்துள்ளது.

இங்கு இன்னொரு நுட்பம் உண்டு. மேடையிலிருந்து 15 மீற்றர் தொலைவில் இருப்பவருக்குத் தப்போசையே 44 மில்லிசெக்கன் பிந்தி வரும். ஆகையால், பின்வரிசையில் இருப்பவர் திரையின் சுணக்கத்தை அவ்வளவாக உணரார். முன்வரிசையில் இருப்பவரே உணர்வார். ஒத்திகையின்போது மண்டபத்தின் பின்புறம் நின்று 'எல்லாம் சரி' என்று கூறும் ஆசிரியரின் தீர்ப்பை நம்பலாகாது. முன்வரிசையில் அமர்ந்தே சோதித்தல் வேண்டும்.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசிகள் பலவற்றில் செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கின்றது. தப்படிக்கும் கையும் திரையும் ஒருங்கே தெரியும்படி படமெடுத்து, குச்சி தோலைத் தொட்ட படத்திலிருந்து திரை ஒளிரும் படம் வரை எண்ணுக. ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 4.2 மில்லிசெக்கன். எண்ணிக்கை 12 எனின் சுணக்கம் 50 மில்லிசெக்கன் என்க. அளக்காமல் மருந்து தேடுவது நோய் அறியாது கஷாயம் காய்ச்சுவது போன்றது. மாணவர் இதனை ஒரு பௌதிகப் பரிசோதனையாகவே செய்து பார்க்கலாம்.

அளந்த பின்னர்ச் செய்ய வேண்டியவை சில. முதலாவது திரை. தொலைக்காட்சியாயின் அதன் அமைப்பில் விளையாட்டு முறையைத் தெரிவு செய்க; படத்தை மெருகூட்டும் வேலைகளை அது பெரிதும் நிறுத்திவிடும். புரொஜெக்டரைக் கோணலாக வைத்துவிட்டுக் கருவியால் நிமிர்த்துவதை விட, மேசையையே நேராக வைப்பது மேல். கம்பியற்ற இணைப்பை விலக்கி, கம்பியால் நேரே இணைக்க. புளூடூத் வழியாக மிடியை அனுப்புவதையும் தவிர்க்க.

இரண்டாவது, செய்திகளின் நெரிசல். ஒரு குமிழை விரைந்து திருப்பினால் 0 முதல் 127 வரை நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் பாய்ந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரையக் கணினி முயன்றால், கை நின்ற பின்னரும் திரை அசைந்துகொண்டே இருக்கும். இதற்கு மாற்று யாது? கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒவ்வொருவருடைய கொழுந்தையும் நிறுத்தே ஆக வேண்டும். ஒன்றைத் தவிர்த்தாலும் ஒருவருடைய கூலி போய்விடும். தப்பின் அடிகள் இத்தகையவை, ஒன்றையும் விடலாகாது. ஆனால், மலையுச்சியில் மழை எப்படி என்று கேட்டால், காலை முதல் வந்த செய்திகள் அனைத்தும் நமக்கு வேண்டா. இறுதியாக வந்ததே போதும். குமிழின் செய்திகள் இத்தகையவை. ஆகவே, ஒவ்வொரு படம் வரையுமுன்னும் காத்திருக்கும் குமிழ்ச் செய்திகளையெல்லாம் வாசித்து, கடைசி மதிப்பை மட்டும் கொள்ளுமாறு நிரலை எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, படத்தின் சுமை. 1920க்கு 1080 என்ற அளவில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன; 1280க்கு 720 எனின் 9 இலட்சத்துச் சொச்சமே. பழைய மடிக்கணினி வைத்திருப்போர் அளவைக் குறைத்தால் வேலை பாதிக்கு மேல் குறையும். அடி விழுந்த பின்னர்த் தீயின் காட்சியை வட்டிலிருந்து தேடி எடுக்கவிடாது, முன்னரே நினைவகத்தில் ஏற்றி வைத்தலும் இன்றியமையாதது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பை நிகழ்ச்சி முடியும்வரை நிறுத்தி வைக்க.

நான்காவது, தப்பின் இயல்பு. மலைநாட்டுப் பனியில் தோல் தளர்ந்து போவதும், கலைஞர் அதனைத் தீயிற் காய்ச்சி இறுக்குவதும் யாவரும் அறிந்ததே. தோல் தளர்ந்தால் தகட்டுக்கு எட்டும் அதிர்வும் மாறும். மாலையில் அமைத்த எல்லை நள்ளிரவில் பொருந்தாது. மெல்லிய அடிகளைக் கருவி தவறவிடும். ஆகவே, தப்பைக் காய்ச்சும் போதெல்லாம் எல்லையையும் சரிபார்த்தல் நலம்.

இத்தனை செய்தும் சிறிது சுணக்கம் எஞ்சவே செய்யும். அது எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பொத்தானை அழுத்துபவர் இரண்டு ஒத்திகையில் அதற்குப் பழகி, கணம் முந்தியே அழுத்தக் கற்றுக்கொள்வார். ஒருமுறை 30, மறுமுறை 90 என்று அலையும் சுணக்கமே கொடியது. அதற்கு எவராலும் பழக முடியாது. எனவே, கணினியில் வேறு வேலைகள் எல்லாவற்றையும் மூடி, சுணக்கத்தைக் குறைப்பதோடு நிலைப்படுத்துவதும் கடமையாகும்.

தோட்டங்களில் தப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. விடியுமுன் லயங்களை எழுப்பி, மக்களைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது அதுவே. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் ஆங்கிலப் பாடலில் அவ்விடியற் பறையொலி கேட்கின்றது. அன்று அந்த ஓசைக்கு மனிதர் ஓடி வந்தனர். சுணங்கி வந்தவர் அன்றைய வேலையை இழக்க நேர்ந்தது. இன்று அதே ஓசைக்குக் கணினி ஓடி வரட்டும். அது சுணங்கி வருமாயின், அதனைத் திருத்த வேண்டியவர் தப்படிக்கும் பெரியவர் அல்லர். அவருடைய பேரப் பிள்ளைகளே. அதற்கு வேண்டிய கணக்கு அவர்களுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றது.