பான்போ: தாழியில் ஒரு துளை

சீனாவின் சியான் நகருக்குப் போகிறவர்கள் சுடுமண் வீரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பான்போவுக்கும் போங்கள். 1953இல் கட்டுமானத்துக்காக மண்ணைத் தோண்டியபோது, 6,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கிராமம் ஒன்று வெளிப்பட்டது. அதன்மேல் கூரை போட்டு, 1958இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே நின்று கீழே பார்த்தால் குடிசைத் தரை, கம்பம் நட்ட குழி, அடுப்பு எல்லாம் தெரியும். ஊரைச் சுற்றி அகழி.

பெரியவர்களை அகழிக்கு வெளியே இடுகாட்டில் புதைத்தவர்கள், குழந்தைகளை மட்டும் தாழியில் வைத்து வீட்டுப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். தாழியை மூடிய கிண்ணத்தின் அடியில் சின்னத் துளை. உயிர் வெளியே போய்வர விட்ட வழி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளை அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும்னு வெச்சிருப்பாங்களோ? இது என் ஊகம்.

மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரையில் சறுக்குவது இங்கேதான். துளை கண்ணால் கண்டது; காரணம் ஊகித்தது. பான்போ தாய்வழிச் சமூகம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் துளை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே துளைக்கு ‘உள்ளது’, காரணத்துக்குக் ‘கருதப்படுகிறது’. “உயிர் போய்வரத் துளையிட்டனர்” என்று முடிந்த முடிவாக எழுதினால், நான் சிவப்பு மையில் “யார் சொன்னது?” என்று கேட்பேன்.