நீரும் நிழலும் பாதையும்

பாபநாசத்தில் காலைத் தேநீர் அருந்திவிட்டுப் பேருந்து ஏறினால், பகல் உணவைக் காயல்பட்டினத்தில் உண்ணலாம். மலையடிவாரமும் கடற்கரையும் இன்று அவ்வளவு நெருங்கிவிட்டன. இந்த வசதி இருக்கும்போது, அதே தூரத்தைத் தாமிரபரணியின் கரையோரமாக ஏழு நாட்கள் நடந்து கடக்க வேண்டிய அவசியம் யாது எனக் கேட்பீர்கள். அவசியம் ஏதுமில்லை. ஆயினும், நடந்தாலன்றி விளங்காத சில உண்மைகள் உண்டு. அவற்றுள் சில நம் மார்க்கக் கடமைகளோடு நெருங்கிய தொடர்புடையவை.

நெடுந்தூரம் நடப்பது நமக்குப் புதிதன்று. முற்காலத்தில் ஹஜ்ஜுக்குச் சென்றோர் பலர் கால்நடையாகவே சென்றனர். நம் காலத்திலும் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த ஷிஹாப் சோட்டூர் என்னும் இளைஞர் 2022 ஜூன் 2 அன்று ஹஜ்ஜை நாடி நடந்தே புறப்பட்டு, அண்டை நாட்டின் அனுமதிக்காகப் பஞ்சாபில் பல மாதங்கள் காத்திருந்து, 2023இல் மக்கா சேர்ந்தார். அமெரிக்காவிலோ, ஆப்பலேச்சியன் மலைத்தொடரில் 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சாக நடப்போர் ஆண்டுதோறும் உள்ளனர். 1948இல் எர்ல் ஷாஃபர் என்பவர் அதை முதன்முதலாக முழுமையாக நடந்து முடித்ததாகப் பதிவுண்டு. அப்பாதையின் ஓரத்தில் முகமறியாத மக்கள் தண்ணீரும் பழமும் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. பல மாதம் நடந்தவர்கள் மலைக்காட்சிகளைக் காட்டிலும் அந்தப் பழங்களையே நன்றியுடன் நினைவு கூர்கின்றனர். இது நாம் சிந்திக்கத்தக்கது.

நம் தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகக் காடு. அனுமதியின்றி அங்கே நடத்தல் ஆகாது. எனவே பாபநாசத்தில் தொடங்குவோம். தை மாதத்து ஒரு சனிக்கிழமை சுபுஹுத் தொழுகையை முடித்துப் புறப்பட்டு, நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் என நடந்தால், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் காயல்பட்டினம் சேரலாம். மழை ஓய்ந்து, நெற்பயிர் தலை சாய்ந்து, குளங்களில் நாரைகள் நிறைந்திருக்கும் காலம் அது.

புறப்படுமுன் மூட்டையைக் கட்ட வேண்டும். ஒரு கைலி, ஒரு துண்டு, தொழுகை விரிப்பு, தண்ணீர்க் குப்பி, கைவிளக்கு, கொஞ்சம் அவலும் கருப்பட்டியும். இவை போதுமா என்று வீட்டில் கேட்பார்கள். நீங்களும் இன்னும் இரண்டு சட்டைகளைத் திணிப்பீர்கள். அம்பாசமுத்திரம் எட்டுமுன்பே தோள்பட்டை உண்மையைச் சொல்லிவிடும். பழைய சாலைகளின் ஓரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கிகளைக் கண்டிருப்பீர்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் அவற்றை நம் முன்னோர் நிறுவினர். தம் தோளில் சுமை வைத்து நடந்தவனுக்கே அந்தக் கல்லின் அருமை தெரியும். பயணத்துக்குரிய கட்டுச்சோற்றில் மேலானது இறையச்சமே எனத் திருக்குர்ஆன் அறிவுறுத்துவதன் பொருளும் அவ்விடத்தில் தெளிவாகும். தேவைக்கு மேற்பட்டது எதுவும் வழியில் சுமையே.

வழிநடையின் ஒரு நாள் எளிமையானது. சுபுஹு முடிந்ததும் நடை. வெயில் ஏறுமுன் பாதித் தூரம் கடந்துவிட வேண்டும். ஏதேனுமோர் ஊர்முனையில் தேநீரும் இட்டிலியும். நண்பகலில் ஆற்றங்கரை மருத மரத்தடியில் சிறு உறக்கம். அஸருக்குப் பின் மீண்டும் நடை. மஃரிபுக்குள் ஒரு பள்ளிவாசல். வீட்டில் நாம் எண்ணிப் பாராத சிறு சுகங்கள் இங்கே பெரும் பேறாகின்றன. வெந்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்பது ஒரு விருந்து. வாய்க்கால் நீரில் கால் நனைத்து அமர்ந்திருக்கும் அரைமணி நேரம் ஒரு திருநாள். காய்ந்த துண்டு, மடிப்புக் கலையாத பாய், சுக்குக் காப்பி என ஒவ்வொன்றுக்கும் 'அல்ஹம்துலில்லாஹ்' தானாகவே நாவில் எழும். நன்றி செலுத்துதலை நூலில் படித்த நமக்கு, அதைக் கால் வலி கற்றுத் தருகிறது.

வழிப்போக்கனின் சிரமத்தை மார்க்கம் மறக்கவில்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குக் குறையாத பயணத்தை நாடித் தம் ஊர் எல்லையைக் கடந்தவருக்கு, நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் 'கஸ்ர்' சலுகை உண்டு. சுபுஹும் மஃரிபும் சுருங்குவதில்லை. லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒருசேரத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபீ மத்ஹபில் அவ்வனுமதி ஹஜ்ஜின் இடங்களுக்கு மட்டுமே. ஜும்ஆவும் பயணிக்குக் கட்டாயமில்லை. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மேலப்பாளையத்தவர் ஒருவர் இவ்வழியே நடந்தால், மூன்றாம் நாள் தம் சொந்த ஊருக்குள்ளேயே நுழைவார். சொந்த ஊரில் கால் வைத்தவர் உள்ளூர்வாசி ஆகிவிடுகிறார். பயணமும் இரண்டாக அறுபடுகிறது. அவருக்குச் சலுகை உண்டா என்பதைப் புறப்படுமுன் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை.

சேரன்மகாதேவியைக் கடந்து சற்றே விலகினால் பத்தமடை. ஆற்றுப்படுகையில் விளையும் கோரையை அறுத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்துப் பாய் நெய்யும் கலை அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களின் கைகளில் வாழ்கிறது. துணிபோல் மடிக்கத்தக்க அப்பாயைப் பல வீடுகளில் பெண்களே நெய்கின்றனர். நம் இல்லத் திருமணங்களில் மணமக்கள் பெயர் பொறித்த பாயாக அது வந்து சேர்வதை அறிவீர்கள். ஆற்றில் நீர் ஓடினால்தான் கோரை ஊறும். கோரை ஊறினால்தான் பாய் விரியும். இந்தத் தொடர்பைப் பேருந்தின் சன்னல் காட்டுவதில்லை.

வழியில் கிடைக்கும் இன்பங்களுள் தலையாயது ஸலாம். கி.பி. 1325இல் தம் இருபத்தோராம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து தனியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு பதூதா துனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்த ஒவ்வொருவரையும் வரவேற்க ஆளிருந்ததாம். அவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. அவர் அழுதுவிட்டார். அதைக் கவனித்த பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, அன்புடன் பேசிக்கொண்டே உடன் நடந்தார். பிற்காலத்தில் மதுரை சுல்தானின் அவை வரை வந்து, அதற்கப்பாலும் உலகைச் சுற்றிய அந்தப் பெரும் பயணி, அச்சிறு ஸலாமை மறவாமல் தம் பயண வரலாற்றில் இடம்பெறச் செய்தார். அந்திநேரத்தில் அறியாத ஊரின் பள்ளிவாசல் வாயிலில் நீங்கள் நிற்கையில், மோதினார் நிமிர்ந்து பார்த்து, "எங்கேயிருந்து வாறிய?" என்று கேட்டுத் திண்ணையைக் காட்டும்போது, அவர் அழுத காரணம் உங்களுக்கும் விளங்கும்.

இனி, இந்த நடையின் கசப்பான பகுதிக்கு வருவோம். நாள்தோறும் ஆற்றில் உளூச் செய்கிறீர்கள். நீரின் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஏதேனும் அசுத்தத்தால் மாறினால் அந்நீர் தூய்மை செய்யத் தகாது என்பது நாம் சிறுவயதில் மதரஸாவில் ஓதிய பாடம். முதல் நாள், மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய நீரில் உள்ளங்கை ரேகைகள் தெரிகின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என அணைக்கட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்செல்கின்றன. சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சுலோசன முதலியார் கட்டுவித்து 1843இல் திறந்த பாலத்தை நெல்லையில் காண்கிறீர்கள். அதன் சுற்றுப்புறத்தில் கையில் அள்ளிய நீரை மூக்கருகே கொண்டுசெல்லும்போது கை தானாகத் தயங்குகிறது. நகரின் சாக்கடை ஆற்றில் கலப்பது பற்றிய வழக்கில், 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். மேலே உளூவுக்குத் தகுந்த நீரைக் கீழே தகாததாக்கியவர் யார்? கரையோர ஊர்களில் நம் வீடுகளும் இருக்கின்றன அன்றோ? சாக்கடைக்கு மதமில்லை, ஆகவே, பொறுப்பிலிருந்து நாமும் விலகிக்கொள்ள முடியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று இடங்களை அசுத்தப்படுத்துவோரைக் குறித்துக் கடுமையாக எச்சரித்தார்கள்: மக்கள் நீரெடுக்கும் துறை, நடக்கும் பாதை, ஒதுங்கும் நிழல். சாபத்தைத் தேடித்தரும் செயல்கள் என்றே அவற்றைச் சுட்டினார்கள். வீட்டிலிருந்து இதைக் கேட்டால், சுகாதார விதியாகவே தோன்றும். நான்கு நாட்கள் நடந்தவர் இதைக் கேட்டால் திடுக்கிடுவார். ஏனெனில் நீர், நிழல், பாதை ஆகிய மூன்றையன்றி வழிப்போக்கனுக்கு உலகில் வேறு சொத்தே இல்லை! அந்த மூன்றையும் பறிப்பவன் அவனுடைய அனைத்தையும் பறித்தவனாகிறான். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்றும், பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும் பெருமானார் அவர்கள் போதித்தமை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினருள் வழிப்போக்கரையும் இறைவன் சேர்த்திருக்கிறான்.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. முறப்பநாடு, வல்லநாடு, கருங்குளம் கடந்து, ஆதிச்சநல்லூரின் பழம்பெரும் தாழிக்காட்டையும் தாண்டினால் ஸ்ரீவைகுண்டம். இங்கே ஆற்றின் கடைசி அணைக்கட்டு இருக்கிறது. பயணிகளைப் பற்றிய அண்மைக்கால நினைவொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையால் இருப்புப்பாதை அரித்துச் செல்லப்பட, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட விரைவு இரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அரசின் உதவி வந்து சேருமுன், அருகிலிருந்த புதுக்குடி மக்கள் தம்மிடமிருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். அவர்கள் வீடுகளைச் சுற்றிலும் வெள்ளம் நின்ற வேளை அது! எவர், எவ்வூர், எம்மதம் என்று கேட்காமல் ஊட்டிய அந்த ஏழை மக்களுக்கு வழிப்போக்கரின் உரிமையைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கவில்லை. நாமோ அதைப் படித்தவர்கள். நம் வாசலில் ஒருவர் தாகத்தோடு நின்றால் நாம் என்ன செய்வோம்?

ஆறாம் நாள் ஆழ்வார்திருநகரியும் ஏரலும் கடந்து ஆற்றூரின் வெற்றிலைக் கொடிக்கால்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. பிறகு காற்றில் உப்பு வாடை. புன்னைக்காயலில் ஆறு அமைதியாகக் கடலில் இறங்குகிறது. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இருந்தது இக்கழிமுகப் பகுதியில்தான். வெள்ளிக்கிழமை காயல்பட்டினத்தில் குளித்து, மாற்றுடை உடுத்தி, கட்டாயமில்லாத ஜும்ஆவுக்கு விரும்பிச் சென்று அமர்கிறீர்கள். இருபுறமும் அறியாத தோள்கள். எனினும் அன்னியமாகத் தோன்றவில்லை. இவ்வுலகில் ஓர் அன்னியனைப் போல், அல்லது வழிப்போக்கனைப் போல் இரு என்று பெருமானார் அவர்கள் ஓர் இளம் தோழரின் தோளைப் பற்றிச் சொன்ன அறிவுரை, அதே தோளில் சுமை இறங்கிய அந்நேரத்தில் முழுமையாக விளங்குகிறது.

வாசகப் பெருமக்களே! ஏழு நாள் நடக்க எல்லோராலும் இயலாது. ஒரு நாள் நடக்கலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வரையேனும் நடந்து பாருங்கள். அதுவும் இயலாதெனில், வீட்டு வாசலில் ஒரு மண்பானையில் தண்ணீர் வையுங்கள். திருச்செந்தூருக்கு நடந்து செல்லும் அண்டைச் சமயத்தவரும் அதில் தாகம் தீர்த்துக்கொள்ளட்டும். தெருவில் கிடக்கும் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் அப்புறப்படுத்துங்கள். உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று இன்றே விசாரித்தறியுங்கள். ஆற்றுக்கெனில், அதைத் தடுக்க ஜமாஅத்தில் முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும். கீழ்த்துறையில் ஒருவர் அந்நீரை அள்ளி முகம் கழுவக் காத்திருக்கிறார்.

நம் அனைவரின் பயணத்தையும் வல்ல நாயன் இலேசாக்கி, வழியில் நமக்கு நீரும் நிழலும் தந்து, பிறருக்கு அவற்றை மறுக்காத மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.