கர்ப்பிணியும் மைக்ரோவேவும்: எலிச் சோதனை சொல்வது என்ன?

எக்ஸ்ரேயையும் மைக்ரோவேவ் அடுப்பையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்து மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியது. அடுப்புக்குள் ஓடும் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கோ அந்த வேலைக்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உண்டு. அதனால் முடிந்தது நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுவது. எனவே கர்ப்பிணியின் நோய் எதிர்ப்பாற்றலை மைக்ரோவேவ் பாதிக்குமா என்று கேட்பவர், எவ்வளவு சூடு, உடலில் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு நேரம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கருவுற்ற எலிகளையும் கருவுறாத எலிகளையும் இதே அலைவரிசையில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம், 90 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் இயற்கைக் கொல்லணுக்களின் வீரியம், கருவுற்ற எலிகளின் மண்ணீரலில் குறைந்தது. கருவுறாத எலிகளில் குறையவில்லை. கர்ப்பகால உடல் கூடுதலாகத் தடுமாறுகிறது என்பது உண்மையான கண்டுபிடிப்புதான். ஆனால் அதே சோதனையில் எலிகளின் தோல் சூடும் ஏறியது, மன உளைச்சலின்போது சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோனும் ஏறியது. இந்த ஹார்மோன் எதிர்ப்பணுக்களை அடக்கும் என்பது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அலை நேராக எதிர்ப்பணுவைத் தாக்கியது என்பதைவிட, சூடு தாய் எலியை வாட்டியது, அந்த வாட்டம் எதிர்ப்பாற்றலைக் குறைத்தது என்று படிப்பதே பொருந்துகிறது. தவிர, அளந்தது மண்ணீரலை. கருப்பையில் நஞ்சுக்கொடிக்கான ரத்தக்குழாய்களை விரித்துக்கொடுக்கும் கொல்லணுக்கள் வேறு வகை.

எலிகள் பெற்ற அளவை நம் வீட்டோடு ஒப்பிடுவோம். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு இந்த அலைவரிசையில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட். எலி பெற்றது அதைப் போல் பத்து மடங்கு. செல்போன் கோபுரங்களுக்கு 2012இல் இந்தியா அந்த வரம்பையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் வரை கசியலாம் என்கிறது அமெரிக்க விதி. அரை மீட்டர் தள்ளி நின்றால் அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வந்துசேரும். இந்த அலை தசைக்குள் ஏறக்குறைய 2 செ.மீ. போவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கால் கிலோ எலிக்கு அது உடம்பையே ஊடுருவும் ஆழம். மனிதருக்கு வயிற்றுச் சுவரின் ஆழம்.

எலியை விடுங்கள், மனிதர்களில் ஆதாரம் உண்டே என்பார்கள். உண்டு. 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மைக்ரோவேவ் கருவியால் வலிக்குச் சூட்டுச் சிகிச்சை தரும் பெண் பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு 1.28 மடங்கு என்றது. அதே சிகிச்சையை ஷார்ட்வேவ் கருவியால் தந்தவர்களிடம் இந்த உயர்வு தெளிவாகத் தெரியவில்லை. விந்தை என்னவென்றால், உடலுக்குள் ஆழமாகப் போவது ஷார்ட்வேவ்தான். கருவைத் தொட வேண்டுமென்றால் அதுவே முதலில் தொட்டிருக்க வேண்டும். பழைய கருவுறுதல்களை நினைவிலிருந்து எழுதி அனுப்பிய பதில்கள் அவை என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் அக்கறை சேர வேண்டிய இடம் அந்தச் சிகிச்சை அறைதான். மேலே சொன்ன சர்வதேச வரம்பை வகுக்கும் குழுவின் 2020 நெறிமுறை, கருவைப் பொதுமக்களில் ஒருவராகக் கணக்கிட்டு, கர்ப்பிணித் தொழிலாளிக்கும் பொதுமக்களுக்கான கடுமையான வரம்பையே விதித்தது. நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் கர்ப்பிணிப் பணியாளர் கருவியை இயக்கிவிட்டு விலகி நிற்க இடமிருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்கலாம்.

எதற்கு வம்பு, பத்து மாதம் அடுப்பைத் தொடாமல் இருந்தால் என்ன நஷ்டம் என்ற வாதமும் உண்டு. கதவு நெளிந்த, சரியாக மூடாத அடுப்பை ஒதுக்குவது சரிதான். ஆனால் நல்ல அடுப்பையும் ஒதுக்கி, உணவைச் சூடாக்காமல் உண்டால் நஷ்டம் உண்டு. கர்ப்பகாலத்தில் எதிர்ப்பாற்றல் மாறுவதால் லிஸ்டீரியா கிருமி கர்ப்பிணிகளை மற்றவர்களைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றுகிறது. கரு கலையவும் அது காரணமாகிறது. ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரும் கிருமி அது. நேற்றைய குழம்பை ஆவி பறக்கச் சூடாக்கினால் சாகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓரம் கொதிக்க நடுவைக் குளிராக விட்டுவிடும் பழக்கமுள்ளது என்பதால், பாதியில் நிறுத்திக் கிளறிவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும்.