மின்சார ஓட்டோ: காசு கொடுக்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. கியூஆர் முறை வந்தபோதும் ஆரம்பத்தில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அதன் பின்னர், பெற்றோல் ஓட்டோவின் இயந்திரத்தைக் கழற்றி மோட்டரும் பற்றரியும் பூட்டும் முன்னோடித் திட்டம் ஒன்று ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் நம் நாட்டில் நடந்தது.

லிங்கநகரில் சுயதொழில் செய்யும் சகோதரிகள் என்னிடம் கேட்கிறார்கள்: "மாத்தின ஓட்டோ ஒன்று மலிவா வருது, வாங்கலாமா மிஸ்?"

வாங்கலாம். ஆனால் வண்டிக்கு முன் அதன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள்.

வாகனப் பதிவு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. இயந்திர இலக்கம், செசி இலக்கம், எரிபொருள் வகை ஆகியவை புத்தகத்தில் இருக்கும். கராஜில் பற்றரி பூட்டினால் வண்டி மாறும், புத்தகம் மாறாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியுடன் பதிவும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். 'பெற்றோல்' என்றே புத்தகம் சொன்னால், பொலிஸார் மறிக்கும்போது பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கிடைப்பதும் சந்தேகமே.

அடுத்தது 'ஓபன் பேப்பர்'. விற்பவர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுபவர்கள் பலர். பெயர் மாறும்வரை பதிவேட்டில் வண்டி உங்கள் பெயரில் இருக்காது. வாங்கியதும் தாமதியாமல் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். விற்பவருக்கும் இது நல்லது. இல்லாவிட்டால் வேறொருவர் செய்யும் குற்றத்துக்குப் பொலிஸார் அவர் வீட்டுக்கே வருவார்கள். லீசிங் முடியாத வண்டியாயின், அந்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இறந்த அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் உள்ள வண்டியை விற்க நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அவருடைய கையெழுத்தை யாரும் போட்டுக்கொடுக்க இடம் விடாதீர்கள். அது குற்றம். காணாமற்போனவர் இன்னும் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிக்கொடுக்க மனம் இல்லாதவர்களும் அதைப் பெறலாம். அதைக்கொண்டு சொத்து விடயத்தில் என்ன செய்ய முடியும் என்பதை திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்டறியுங்கள்.

சீட்டுப் பிடித்தும் நகை அடகு வைத்தும் சேர்த்த காசு அது. ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறட்டும்.