எடைக்குறைப்பு ஊசியும் அதன் மெய்யான விலையும்

முதல் மாதத்து விலை

அமெரிக்காவில் வைத்தியரை நேரில் காணாமலே, இணையத்தில் சில வினாக்களுக்கு விடையளித்து, எடையைக் குறைக்கும் ஊசி மருந்தை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்ளும் வழக்கம், 2021-இல் செமாகுளூடைடு என்னும் மருந்து அடங்கிய வெகோவி ஊசி அங்கீகாரம் பெற்றபின் வெகு வேகமாகப் பரவியிருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் விலை பெரும்பாலும் முதல் மாதத்துக்கே உரியது. அம்மாதம் கொடுக்கப்படும் வாரம் 0.25 மில்லிகிராம் செமாகுளூடைடு எடையைக் குறைப்பதற்கன்று. குமட்டலும் வாந்தியும் மிகாதபடி தேகத்தைப் பழக்குவதற்கே. நான்கு வாரத்துக்கொரு படியாக ஏறி 2.4 மில்லிகிராமை எட்ட 16 வாரங்கள் செல்லும். விசாரிக்க வேண்டியது அந்தப் பூரண அளவின் விலையை.

சந்தாவும் மருந்தும்

இவ்வாறு இணையவழி மருந்தளிக்கும் சில நிறுவனங்கள் ஆலோசனைக்கு மட்டும் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, மருந்தின் செலவை நோயாளியின் இன்ஷூரன்ஸுக்கோ அவர் பைக்கோ விட்டுவிடுகின்றன. வேறு சில, வைத்தியர், மருந்து, தபால் யாவற்றையும் ஒரே தொகையில் அடக்குகின்றன. பின்னது சௌகரியம்; ஆயினும் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரிகிற முன்னதே என் அபிப்பிராயத்தில் உசிதமானது. மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வயிறு ஒத்துக்கொள்ளாமல் இரண்டாம் வாரமே நிறுத்த நேர்ந்தால் பணம் திரும்புமா என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

உற்பத்தியாளரின் நேரடி விற்பனையிலும் நிபந்தனை உண்டு. 2025-இன் தொடக்கத்தில் எலி லில்லி நிறுவனம், செப்பவுண்ட் என்னும் வேறோர் எடைக்குறைப்பு ஊசி மருந்தின் குப்பிகளில் 10 மில்லிகிராம் அளவை மாதம் 499 டாலருக்குத் தந்தது. 45 நாட்களுக்குள் மறுபடி வாங்காதவருக்கோ அதுவே 699 டாலர். பக்க விளைவு தணியட்டுமென்று சற்றே பொறுத்திருக்க நினைப்பவரையும் இத்தகைய ஏற்பாடு அவசரப்படுத்தும்.

மலிவின் மர்மம்

செமாகுளூடைடுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் மருந்துக்கடைகளே கலந்து தயாரித்த செமாகுளூடைடு மிக மலிவாகக் கிடைத்தது. தட்டுப்பாடு நீங்கிற்றென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2025 பிப்ரவரியில் அறிவித்தபின் அவ்வாறு கலந்து தயாரிக்க இருந்த சலுகையும் முடிந்தது. கடைகளில் கலந்த அம்மருந்து வந்தது குப்பியில். சீட்டில் அளவு மில்லிகிராமில் இருக்க, சிரிஞ்சின் கோடுகளோ யூனிட் கணக்கில் இருந்தன. இக்குழப்பத்தால் சிலர் ஐந்து முதல் இருபது மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டு மருத்துவமனை சேர்ந்ததாக அந்நிர்வாகம் 2024-இலேயே எச்சரித்தது. ஊசி போடக் கற்றுக்கொடுக்க ஆளில்லாத மலிவு விலையில் ஆஸ்பத்திரிச் செலவு சேர்ந்திருப்பதில்லை.

ஓராண்டுக் கணக்கு

செமாகுளூடைடை நிறுத்தியவர்களை ஆராய்ந்தபோது, குறைந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியது கண்டறியப்பட்டது. ஆகவே மருந்தை நெடுநாள் தொடர நேரிடும் என்று கொண்டு, பூரண அளவின் மாத விலையைப் பன்னிரண்டால் பெருக்கி, சந்தாவையும் இரத்தப் பரிசோதனையையும் கூட்டிய பிறகே ஒரு நிறுவனத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவது நியாயமாகும். குடும்பத்தில் எவருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்ற முக்கியமான பாதுகாப்புக் கேள்வியை வினவாமலே சீட்டெழுதித் தருகிற நிறுவனத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை.